பன்னிரண்டு மன்னிப்புக் கடிதங்கள்

பிரின்சிபால் அறையில் பிஸ்கட் டப்பாமீது கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, மூன்று நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி ஓடினால் வீடியோவில் பேசுவது காதில் விழவில்லை என்று செயலாளர் அதை நிறுத்தச் சொல்லியிருந்தார். மழை விட்டுப்போய் வெயில் திரும்பவும் கொளுத்தத் தொடங்கும் மாதம். மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. நான்காவது ஆள் ஒருவர் அந்த நேரம் எட்டிப் பார்த்திருந்தால், ஏதோ கிரிக்கெட் இறுதி ஆட்டம் பார்க்கிறோம் என்று நினைத்திருப்பார்.

முப்பத்துநாலு விநாடி வீடியோ. ஒன்பதாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த உயரமான பொண்ணு யாரு?" என்றார் செயலாளர்.

"ரஹ்மத், சார். டீம் கேப்டன்," என்றேன்.

"எத்தனை பேரைப் பிடிச்சுத் தள்றா?"

"மூணு பேர், சார்."

"நாலு," என்றார் பிரின்சிபால் கல்யாணி மேடம். "பின்னாடி போங்கோ, காட்டறேன்."

பின்னாடி போனோம். நாலுதான். மேடம் ஒரு காகிதத்தில் நான்கு என்று எழுதி வட்டம் போட்டார். பிறகு வீடியோவின் கடைசியில் நான் வந்தேன். மஞ்சள் சேலை, இரண்டு கையையும் அகல விரித்து, முட்டி மோதும் பெண்களுக்கு நடுவில் நிற்கிறேன். புறா மட்டும்தான் இல்லை. மற்றபடி சமாதானத் தூதர்தான்.

"நீங்க மட்டும் அங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும், டீச்சர்," என்றார் செயலாளர், நிஜமான நெகிழ்ச்சியோடு.

"கடமைதானே, சார்," என்றேன்.

இந்தத் தொடரில் மற்றவர்களைப் பற்றி நிறையக் கிண்டல் செய்தாகிவிட்டது. ரயிலில் இடம் பிடிப்பவர்களை, மாடி வீட்டுக்காரரை, என் மாமியாரின் பஜனைக் குழுவை. 'உங்கள் முறை எப்போது?' என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் என் முறை.

கணக்கு டீச்சருக்குக் கபடி

எங்கள் பள்ளி மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கும் தூரம். நடத்துவது ஒரு தமிழ் டிரஸ்ட். டிரஸ்டில் இருப்பவர்கள் மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருப்பவர்கள். பள்ளியில் படிப்பவர்கள் தாராவியிலிருந்து நடந்து வருபவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதையும், ஆண்டு விழாவில் மட்டும் தாண்டப்படும் ஒரு தூரமும் உண்டு.

விளையாட்டு ஆசிரியர் ஓய்வு பெற்றுப்போனார். அந்த இடத்துக்கு ஆள் போட விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு ஆண்டுக்கு இரண்டு தடவை தீர்மானம் போட்டது. ஆள் வரும்வரை பெண்கள் கபடி அணியை வெளியே கூட்டிக்கொண்டு போக ஒரு பெண் ஆசிரியை வேண்டும். காலை ஆறே காலுக்கு டோம்பிவிலியில் ரயில் ஏறும் கணக்கு டீச்சர் வசந்தாவுக்கு, அதாவது எனக்கு, நல்ல உடல் வலு இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வலு முழுவதும் தாதர்வரை நின்றுகொண்டே வருவதில் தீர்ந்துவிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

எனக்குக் கபடி தெரியாது. ஒரே மூச்சில் எதிரி எல்லைக்குள் போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் கோட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே ரஹ்மத் சொல்லித்தான் தெரியும்.

"இவ்வளவுதானாடீ?" என்றேன்.

"இவ்வளவுதான் டீச்சர். திரும்பி வாரதுதான் கஷ்டம்," என்றாள்.

ரஹ்மத்தின் வாப்பாவுக்குத் தாராவியில் பெல்ட் பட்டறை. பத்தாவது படிக்கிறவள், என்னைவிட அரை அடி உயரம். பிடித்தால் விடமாட்டாள். எல்லைக்குள் பாடிப் போகிறவள் இசக்கி. ஒன்பதாவது, ஒல்லிக்குச்சி, இடுப்புவரை பின்னல். பின்னலைச் சுருட்டிக் கட்டுடி என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கட்டுவாள், இரண்டாவது ஓட்டத்தில் அவிழ்ந்துவிடும்.

நான் பொறுப்பேற்ற மூன்றாவது ஆண்டில் இந்தப் பெண்கள் பள்ளிகளுக்கிடையேயான போட்டியில் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். டிரஸ்டுக்கே இது அதிர்ச்சி. எங்கள் பள்ளி அதுவரை ஜெயித்தவை எல்லாம் பகவத்கீதை ஒப்பித்தலும் கோலப் போட்டியும்தான். அந்த வட்டாரத்துக்கான அணியில் ரஹ்மத்தையும் இசக்கியையும் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. எடுத்தால் பத்தாவது தேர்வில் ரஹ்மத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். கணக்கில் அவளுக்கு அது எவ்வளவு தேவை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

செம்பூரில் நடந்தது

அரையிறுதி செம்பூரில், எதிரணிப் பள்ளியின் மைதானத்திலேயே. பெரிய பள்ளி. விரிப்பு புதிது, அதன் ரப்பர் வாடை வெயிலில் மூக்கைத் துளைத்தது. அவர்கள் பிள்ளைகளின் பெற்றோர் குடையும் மடக்கு நாற்காலியுமாக வந்திருந்தார்கள். அணுசக்தி நகரிலிருந்து ஒரு பஸ் நிறைய. எங்கள் பக்கம் நான், இரண்டு தண்ணீர் கேன், ஒரு டஜன் வாழைப்பழம்.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. இரண்டாம் பாதியில், ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது, இசக்கி உள்ளே போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்தாள். கை கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது பின்னலை யாரோ பிடித்துச் சுண்டி இழுத்தார்கள். தலை பின்னால் போய் விரிப்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. நடுவர் அந்தப் பக்கம் நின்றிருந்தார், பின்னலைப் பார்க்கவில்லை. எதிரணிக்குப் புள்ளி கொடுத்து விசில் ஊதினார்.

விசில் ஊதியும் அந்தப் பெண் பின்னலை விடவில்லை. இசக்கி மல்லாந்து கிடக்கிறாள். அப்போது அவளைச் சுற்றி நின்ற எதிரணிப் பெண்களிடமிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது.

"வாபஸ் ஜா, கட்டர் மே."

உன் சாக்கடைக்கே திரும்பிப் போ என்று அர்த்தம்.

இங்கே நான் கொஞ்சம் நகர்ந்துபோய் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது தாராவி. கல்லூரி விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது, பக்கத்து ஸ்டேஷன் பெயரைப் போட்டு, 'சயான் அருகில்' என்று எழுதினேன். வேலைக்கு விண்ணப்பம் போட்டபோதும் அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை என் சித்தப்பா சயான் ஸ்டேஷனிலேயே எதிர்கொண்டு, அங்கிருந்த ஓட்டலிலேயே பெண்ணைக் காட்டி முடித்துவிட்டார். டோம்பிவிலியில் பால்கனி வைத்த வீட்டுக்குப் போன பிறகு, பள்ளியில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. ஆசிரியர் அறையில் 'அந்த ஏரியாப் பசங்க' என்று யாராவது ஆரம்பித்தால் நான் விடைத்தாள் திருத்துவதில் மும்முரமாகிவிடுவேன். இருபது ஆண்டு விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்.

அந்தக் குரலைக் கேட்டதும் தண்ணீர் கேனைக் கீழே வைத்தேன். எழுந்தேன். கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். பின்னலைப் பிடித்திருந்த பெண்ணைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

பதினான்கு வயதுப் பெண். அவள் திகைத்துப்போய்ப் பின்னலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் என் கையைப் பார்த்தேன்.

அடுத்த நொடி அவள் அணி முழுவதும் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டது. யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதுதான் ரஹ்மத் வந்தாள். என்னை வெளியே கொண்டுவர நான்கு பேரைத் தள்ளினாள். மற்றவர்களும் ஓடி வந்தார்கள். அவர்கள் கோச் புள்ளி எழுதும் மேசையை ஒரு உதை விட்டார். அவர்கள் பெற்றோரில் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கியது ரஹ்மத் முதல் ஆளைத் தள்ளியபோதுதான்.

ஆக அந்த வீடியோவில் எல்லாம் இருந்தது, நான் அடித்ததைத் தவிர. நான் கையை அகல விரித்து நிற்பதும் சமாதானம் செய்ய அல்ல. கீழே விழாமல் இருக்க.

ஒழுங்கு நடவடிக்கைக் குழு

வீடியோ அன்று மாலையே எல்லாக் குழுக்களிலும் சுற்றியது. மறுநாள் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர் வைத்தியநாதன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கோப்புகள் மீது பெருங்காதல் உள்ளவர். உறுப்பினர்கள், பிரின்சிபால் கல்யாணி மேடமும் நானும்.

என்னை எதற்குப் போட்டார்கள் என்று நான் யோசிக்கவில்லை. நேரில் பார்த்த சாட்சி என்பதால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் யோசித்தால் வம்பு.

செயலாளர் முதலில் அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார்.

"இந்த கேம்ல ஒருத்தரை ஒருத்தர் தொடாம ஆட முடியாதா?"

"தொடறதுதான் சார் கேமே."

"அப்போ பிரச்சினை கேம்லயே இருக்கு," என்று குறித்துக்கொண்டார். கேரம் அணி ஒன்று ஆரம்பிக்கலாம் என்று மேடம் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டார்.

பெண்களை ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டோம். ரஹ்மத் வந்து நின்றாள். நகத்தோரம் இன்னும் கருநீலமாக இருந்தது, பட்டறையில் சாயம் பூசப் போயிருப்பாள்.

"முதல்ல கை நீட்டினது யாரு?" என்றார் செயலாளர்.

ரஹ்மத் என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் மேசைமீதிருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தேன்.

"தெரியல சார்," என்றாள்.

"தெரியலையா, சொல்ல மாட்டியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

'திமிர்' என்று மேடம் எழுதினார். அடுத்து வந்த இசக்கியின் பின்மண்டையில் எலுமிச்சை அளவு வீக்கம். அவளிடமும் அதே கேள்வி. "நான் மல்லாந்து கெடந்தேன் சார். மேல வானந்தான் தெரிஞ்சுது," என்றாள். மீதிப் பெண்களும் இதே மாதிரி. ஒருத்தி குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாளாம். ஒருத்தி கண்ணில் தூசி. ஒரு அணி முழுவதும் அவ்வளவு ஒற்றுமையாகக் குருடானதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தண்டனை மூன்று பகுதி. அணி அந்த ஆண்டு முழுவதும் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது, இதைப் போட்டி நடத்தும் கபடிச் சங்கத்துக்கும் எழுதித் தெரிவிப்பது. நன்னடத்தைப் பதிவில் குறிப்பு. ஒவ்வொருத்தியும் செம்பூர்ப் பள்ளிக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், இருநூறு சொல்லுக்குக் குறையாமல்.

பெயர்ப் பட்டியலை இணைத்தோம். பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது பெயர், ஆட்டத்தன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த ஒரு பெண்ணுடையது. "சார், இவ வரவேயில்ல," என்றேன். ஏதோ ஒரு உண்மையைச் சொன்ன திருப்தி எனக்கு.

"லிஸ்ட் டைப் ஆயிடுத்தே, டீச்சர்," என்றார் செயலாளர்.

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றும் அழகாகவே விழுந்தது.

பன்னிரண்டு கடிதங்களையும் திருத்தும் வேலை எனக்கே வந்தது. பத்து ரஹ்மத்தின் கடிதத்தைப் பார்த்து எழுதியவை, அவளுடைய எழுத்துப் பிழைகள் உட்பட. காய்ச்சல்காரப் பெண் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள். தான் அங்கே இல்லாமல் போனதற்கு மிகவும் வருந்துவதாக எழுதியிருந்தாள்.

நன்றி சொல்ல வந்தவர்

இரண்டு வாரம் ஓடியிருக்கும். வட்டார அணிக்கான தேர்வு எங்கள் பெண்கள் இல்லாமல் நடந்து முடிந்தது. ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வெளியே வந்தால், மாடிப்படி அருகே ரஹ்மத்தின் வாப்பா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அதில் தோல் வாடை. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"டீச்சரம்மா, ரெண்டு நிமிசம்," என்றார். "டி.சி. குடுத்து அனுப்பியிருப்பாங்களாம். நீங்க பேசித்தான் இதோட விட்டாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எம் புள்ள தப்புப் பண்ணிட்டா. அவளுக்கும் சேத்து நான் மாப்புக் கேட்டுக்கிறேன்."

"ரஹ்மத் உங்ககிட்ட என்ன சொன்னா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. ரெண்டு அடிகூட வச்சேன், அப்பவும் வாயத் தொறக்கல." பொட்டலத்தை நீட்டினார். "லேடீஸ் பர்ஸு. நம்ம பட்டறைல அடிச்சது. வேணாம்னு சொல்லிராதீங்க."

நான் வேண்டாம் என்றேன். அவர் பணிவு என்று நினைத்துக்கொண்டு படிக்கட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கறுப்புப் பர்ஸ். தையல் ஒரு இழை பிசகவில்லை.

ரஹ்மத்தைத் தேடிப்போய்க் கேட்டேன். "வாப்பாகிட்டக்கூட ஏன் சொல்லல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்க போயிட்டா எங்கள மேட்ச்சுக்கு யாரு டீச்சர் கூட்டிட்டுப் போவா? வேற எந்த டீச்சரும் வர மாட்டாங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "நீங்களே சொல்லுவீங்கன்னுதான் எல்லாரும் நெனச்சோம். குழுல ஒக்காந்திருக்கீங்கல்ல, அங்க வச்சுச் சொல்லுவீங்கன்னு."

எனக்கு முன்னால் பதினைந்து வயதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் கீழே பார்த்தேன். அங்கே பிஸ்கட் டப்பா எதுவும் இல்லை.

கோப்பில் இருந்த காகிதம்

அன்று மாலையே பிரின்சிபால் அறைக்குப் போனேன். செயலாளரும் இருந்தார், காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொல்லி முடித்தேன். முதலில் அடித்தது நான். ரஹ்மத் தள்ளியது என்னைக் காப்பாற்ற. தண்டனையை எடுத்துவிட்டு என்மேல் நடவடிக்கை எடுங்கள்.

இருவரும் திடுக்கிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். செயலாளர் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தார். அதில் முதல் காகிதமே செம்பூர்ப் பள்ளியின் கடிதம். ஆட்டத்துக்கு மறுநாள் வந்தது. மஞ்சள் சேலை உடுத்திய உங்கள் ஆசிரியை எங்கள் மாணவியைக் கன்னத்தில் அறைந்தார் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

"முதல் நாளே தெரியும்," என்றார்.

"அப்புறம் ஏன் சார் என்னைக் கமிட்டியில போட்டீங்க?"

"வேற யாரைப் போட்டாலும் ஃபைலைக் குடுங்கோ, படிச்சுப் பாக்கறேன்னு கேப்பா," என்றார். "நீங்க கேக்க மாட்டேள்."

 கல்யாணி மேடம் ஆதரவாகப் பேசினார். "அவா கோச்சும் மேசையை உதைச்சிருக்கார். அவாளுக்கும் சங்கடம். ரெண்டு ஸ்கூலும் பேசி முடிச்சாச்சு. பெரியவா விஷயத்தை ரெண்டு பக்கமும் எடுக்கறதில்லேன்னு. குழந்தைகள் ஒரு வருஷம் ஆடலேன்னா என்ன கெட்டுப்போச்சு? படிக்கட்டுமே."

"ரஹ்மத்துக்கு மார்க் போச்சு, மேடம்."

"கணக்குல நீங்க பாத்துப் போடுங்கோளேன்," என்றார் மேடம்.

பத்தாவது வாரியத் தேர்வு. நான் பார்த்துப் போட முடியாது என்பது பிரின்சிபாலுக்குத் தெரியாமல் இருக்குமா? இருந்தாலும் அப்படிச் சொன்னார். பிஸ்கட் டப்பாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

தட்டினேனா, அறைந்தேனா

கபடிச் சங்கத்துக்கு நான் எழுதிய கடிதத்தை என் கணவர் படித்துப் பார்த்தார். அரசாங்க அலுவலகத்தில் குறிப்பு எழுதியே வாழ்க்கை நடத்துகிறவர்.

"மூணாவது வரியில 'லேசாகத் தட்டினேன்'னு இருக்கு," என்றார். "தட்டினியா, அறைஞ்சியா?"

அடித்து எழுதினேன். 'அறைந்தேன்.' அந்தச் சொல்லை எழுதி முடிப்பதற்குள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

மறுநாள் சங்கத்தின் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. அங்கிருந்த மராட்டிக்காரப் பெரியவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நாற்பது வருஷத்தில் அடித்த டீச்சர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், எழுதிக் கொடுத்த டீச்சர் நீங்கள்தான் என்று இந்தியில் சொன்னார். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சங்கத்தின் முடிவு வர ஒன்றரை மாதம் ஆனது. பெண்கள் மீதான தடை அன்றிலிருந்து நீக்கம், நன்னடத்தைக் குறிப்பையும் பள்ளி எடுக்க வேண்டும். எனக்கு ஒரு ஆண்டு எந்தக் கபடி மைதானத்துக்குள்ளும் நுழையத் தடை. இந்தியாவில் கபடியிலிருந்து தடை செய்யப்பட்ட வேறு கணக்கு டீச்சர் இருந்தால் தெரிந்துகொள்ள ஆசை.

நிர்வாகமும் எனக்கு ஒரு மெமோ கொடுத்தது. மாணவியை அறைந்ததற்கு அல்ல. அனுமதியின்றி வெளி அமைப்புக்குக் கடிதம் எழுதியதற்கு. கூடவே கேரம் அணிப் பொறுப்பும் எனக்கே வந்தது.

தடை நீங்கியபோது போட்டிகள் எல்லாம் முடிந்திருந்தன. ரஹ்மத்துக்குப் போன மதிப்பெண் போனதுதான். அவள் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நான் மட்டும் பள்ளி விட்ட பிறகு தினமும் அவளுக்கு முக்கால் மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காததும் அது ஒன்றுதான்.

இசக்கியின் மாமா

அணி மறுபடி பயிற்சிக்கு வந்தது, இசக்கி மட்டும் வரவில்லை. அவள் அம்மா தடை போட்டுவிட்டாள் என்றார்கள். ஒரு சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். நான் வளர்ந்த சந்திலிருந்து நான்காவது சந்து. பதினைந்து வருஷமாக அந்தப் பக்கம் போனதில்லை, ஆனால் வழி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இசக்கியின் அம்மா பை தைக்கும் பட்டறையில் பிசிறு வெட்டுகிறவள். மடியில் பைகளை வைத்து நூல் வெட்டிக்கொண்டே பேசினாள்.

"நீங்க எழுதிக் குடுத்ததெல்லாம் இவ சொன்னா டீச்சர். ஸ்கூல்ல தட இல்லைங்கிறது சரிதான். வீடியோ எங்க ஊரு வரைக்கும் போயிட்டே. ஊருல கேக்கவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல? எங்க அண்ணன் போன் போட்டு, பொம்பளப் புள்ளய பம்பாயில சண்டைக்கு விட்டிருக்கியான்னு கேக்கான். அவன் சொல்லாம நான் அனுப்ப முடியாது."

"உங்க அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா?"

அவள் கத்தரியைக் கீழே வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி என் முன் வைத்தாள். இசக்கி உள்ளேயிருந்து வந்து சுவரோரம் நின்றாள்.

எங்கோ தென்காசிப் பக்கம் ஒரு டிராக்டர் சத்தத்துக்கு நடுவே அந்த மாமா பேசினார். நான் மூன்றாவது தடவையாக என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். உங்கள் மருமகள் யாரையும் அடிக்கவில்லை, அவள்தான் அடிபட்டவள், சண்டையை ஆரம்பித்தது நான்.

டிராக்டர் நின்றது.

"டீச்சரே அடிச்சீயளா?" என்றார்.

"ஆமாங்க."

"செரி. ஆட்டத்துல யாரு ஜெயிச்சா?"

நான் விழித்தேன். குழு, பிரின்சிபால், செயலாளர், சங்கம், என் கணவர், யாருமே அதைக் கேட்டதில்லை. "ஆட்டம் பாதில நின்னுபோச்சு. ஏழு நிமிஷம் பாக்கி இருந்தது. நாங்க ரெண்டு பாயிண்ட் முன்னால இருந்தோம்."

"மூணு," என்றாள் இசக்கி. "நான் தொட்டதக் குடுக்கல."

"முன்னால இருந்துக்கிட்டா நிறுத்துனிய?" என்றார் மாமா. வீடியோவைவிட இதுதான் அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது என்று குரலிலேயே தெரிந்தது. "மிச்ச ஆட்டத்த எப்ப ஆடப் போறிய?"

நான் சங்கத்தின் விதிகளை விளக்க வாயெடுத்தேன். இசக்கி குனிந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு, மாமா," என்றாள்.

எனக்கு அது புதுச் செய்தி. ரஹ்மத் அந்தச் செம்பூர்ப் பெண்களை இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்திருக்கிறாள். முதலில் இரண்டு நாள் ஒருத்தரையொருத்தர் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். பிறகு பேச ஆரம்பித்திருக்கிறார்கள். மிச்சம் ஏழு நிமிடத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு பள்ளிக்கும் சம்பந்தமில்லாத ஒரு பொதுத் திடலில் ஆடுவதாக ஏற்பாடு. இசக்கி மட்டும்தான் பாக்கி, அவள் இல்லாமல் ஆட மாட்டோம் என்று அந்தப் பக்கமும் சொல்லிவிட்டதாம்.

"நீங்க அடிச்ச புள்ளயும் வருது, டீச்சர்," என்றாள் இசக்கி, போனைக் காதில் வைத்தபடியே. "அந்தப் பேச்சுப் பேசினது அவ இல்லியாம். பக்கத்துல நின்னவளாம். பின்னல மட்டுந்தான் அவ புடிச்சிருக்கா. நீங்க பாதி ஆள் மாத்தி அடிச்சிட்டீங்க."

"நான் வந்து அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்," என்றேன்.

"இல்ல டீச்சர். நீங்க வரக் கூடாது."

"சங்கத்துத் தடை இதுக்கெல்லாம் கிடையாதுடி. இது பொதுத் திடல்."

"சங்கம் இல்ல, நாங்கதான். பெரிய ஆளுங்க ஒருத்தரும் வரக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் பேச்சு. எழுதிக் குடுங்க, நான் கொண்டு போறேன்."

அவள் அம்மா பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இசக்கியைப் பிடித்து முன்னால் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, கொண்டையாக இறுக்கிப் போட்டுக் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். எவ்வளவு இழுத்தால் தாங்கும் என்று இரண்டு தடவை சுண்டினாள். இசக்கி போனில் மாமாவுக்கு முதல் பாதியை விவரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து, அவள் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். இருநூறு சொல் வரவில்லை. நான்கு வரிதான் வந்தது.

திங்கட்கிழமை இசக்கி வகுப்புக்கு வந்தபோது முழங்கையில் பிளாஸ்திரி, உதட்டோரம் ஒரு கீறல். அருகே போய் மெதுவாகக் கேட்டேன்.

"என்னடி ஆச்சு?"

"ஆட்டம் முடிஞ்சிட்டு டீச்சர்," என்றாள், புத்தகத்தைத் திறந்துகொண்டே. யார் ஜெயித்தார்கள், என் கடிதம் என்ன ஆயிற்று என்று அவளும் சொல்லவில்லை, ரஹ்மத்தும் சொல்லவில்லை.